அட்டை இல்லாதவள்

"கேட்டுல வெச்சு ஒரு சின்ன ஜெபம். அதுக்கு மேல எங்களால முடியாது பிரதர்."

மருந்துக்கடைக்காரர் இதைச் சொன்ன இடம், சவப்பெட்டி வைத்திருந்த முன்னறை. நேரம், காலை ஒன்பது மணி. சொல்லும்போது அவர் கையில் இருந்தது அந்த வீட்டார் கொடுத்த காப்பி.

தராசுக்காரர் இறந்துபோன மனைவியின் தலைமாட்டில் நிமிர்ந்து நின்றிருந்தார். எழுபத்து மூன்று வயதிலும் அவர் சுவரில் சாய்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை. எடை அளவு இன்ஸ்பெக்டராக முப்பத்தைந்து வருடம் உத்தியோகம் பார்த்தவர். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். கள்ள எடைக்கல் கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். கடைக்காரர் இழுத்துப் போடும் நாற்காலியில்கூட உட்கார மாட்டார். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை.

முந்தின நாள் மதியம் அவருடைய மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், அப்படியே கட்டிலில் சரிந்து போய்விட்டாள். கடைசியாக அவள் மடித்தது சபையின் திருவிருந்துக் கோப்பைகளைத் துடைக்கும் வெள்ளைத் துண்டு. முப்பத்தெட்டு வருடம் அந்தக் கோப்பைகளைக் கழுவினாள். ஒரு நாளும் அவற்றில் குடித்ததில்லை. குடிக்க விடவில்லை. காரணம், அவளுக்கு அட்டை கிடையாது.

அந்த அட்டையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். சபையில் சேர்கிற ஒவ்வொருவரும் உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் அட்டையில் மூன்று வரி எழுதித் தரவேண்டும். முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் பிறந்த தேதி. மூன்றாவது வரியில் மறுபடியும் பிறந்த தேதி, அதாவது இரட்சிக்கப்பட்ட நாள். நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். 'ஒரு மழைக்காலத்தில்' என்றெல்லாம் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அட்டை உள்ளவர் இறந்தால் பெட்டி மண்டபத்துக்குள் வரும். மூப்பர் ஒருவர் அட்டையை உரக்க வாசிப்பார். சபை எழுந்து நின்று பாடும். அட்டை இல்லாதவர் இறந்தால் தெருவோரம் கேட்டுக்கு வெளியே ஒரு மேஜை போடுவார்கள். அதன்மேல் பெட்டியை வைத்து இரண்டு நிமிட ஜெபம். பாட்டு கிடையாது. உயிரோடிருப்பவர்களுக்கு ஆறுதல் கேட்பார்களே தவிர, இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் வேறு யாருமில்லை. சபையை ஆரம்பித்தவரும் தராசுக்காரரின் அப்பாவுமான பெரியய்யா. அட்டைகள் இருக்கும் நீளமான மரப்பெட்டியும் அதன் சாவியும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தவை. சபைக்கு நான்கு மூப்பர்கள். அதில் தராசுக்காரரும் ஒருவர்.

"பத்து மணிக்குப் பின்னறையில கூடிப் பேசலாம். உங்களுக்காகத்தான் பேசறோம். வேற யாராவது இருந்தா பேசவே மாட்டோம்," என்று மருந்துக்கடைக்காரர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு எழுந்தார்.

அவர் வாசலைத் தாண்டியதும் தராசுக்காரரின் மச்சினி, இறந்தவளின் ஒரே தங்கை, டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சர்க்கரை இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு முகத்தைச் சுளிச்சார் பார்த்தீங்களா அத்தான்? சொர்க்கத்துக்கு ஆள் எடுக்கறவர் இல்லையா, நாக்கு நீளமாத்தான் இருக்கும்."

ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். டாக்டர்களையே நிற்க வைத்துப் பேசியவள்.

"வாயைக் குறை. மகள் காதுல விழுது," என்றார் தராசுக்காரர்.

"விழட்டும். அவ அம்மாவைத்தானே தெருவுல வைக்கப் போறாங்க."

*

பின்னறை, மண்டபத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்தது. ஒரு நீள மேஜை, நான்கு நாற்காலிகள், சத்தத்துக்குக் குறைவில்லாமலும் காற்றுக்கு வழியில்லாமலும் சுற்றுகிற ஒரு மின்விசிறி, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். சுவரில் பெரியய்யாவின் படம். அதன் கீழே ஸ்டூலில் அட்டைப் பெட்டி.

மருந்துக்கடைக்காரரைத் தவிர இன்னும் இரண்டு மூப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். உலகத்தில் இடது, வலது தவிர மூன்றாவது பக்கம் உண்டென்று ஒப்புக்கொள்ளாதவர். இன்னொருவர் பல்டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டுமே பேசிப் பழகியதால், தான் கேட்ட கேள்விக்குப் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பே அவருக்கு இருந்ததில்லை.

மூவரும் ஒரே சபையில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவர் கணக்குப்படி மற்ற இருவரும் சொர்க்கத்துக்குப் போவது சந்தேகம்தான். அன்றைக்கு மட்டும், அவளை உள்ளே விடுவதில்லை என்ற ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

"சிஸ்டர் நல்லவங்க. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல," என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர். "ஆனா நல்லவங்கன்றது வேற, இரட்சிக்கப்பட்டவங்கன்றது வேற. சுவிசேஷத்துல, மூணாம் அதிகாரத்துல, ராத்திரி வந்த பெரிய மனுஷருக்கு ஆண்டவர் சொன்னது என்ன? மறுபடியும் பிறக்கணும். பிறந்தா தேதி இருக்கும். தேதி இல்லைன்னா..." மேலே சொல்லாமல் இரண்டு கைகளையும் விரித்தார். மாத்திரை ஸ்டாக் இல்லை என்று சொல்லும்போதும் அப்படித்தான் விரிப்பார்.

"தேதியை விடுங்க," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "முழுக்கு ஞானஸ்நானம்? கல்யாணத்துக்கு முன்னாடி வேற சபையில எடுத்ததா சொன்னாங்க. இடுப்பளவு தண்ணியாம். கொண்டை நனையலைன்னு கேள்வி. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் பாருங்க, ரதத்துல போன அந்த மந்திரி தண்ணிக்குள்ள இறங்கினான்னு இருக்கு. கரையில நின்னான்னு இல்ல."

"கொண்டை நனைஞ்சதா இல்லையான்னு யாரு பார்த்தது?" என்று தராசுக்காரர் கேட்டார்.

"நனைஞ்சதுக்கு சாட்சி இருக்கா? அதைச் சொல்லுங்க."

பல்டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நீங்க ரெண்டு பேருமே தப்பு. உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே பேர் குறிச்சாச்சு. எபேசியர் முதல் அதிகாரம். தெரிஞ்செடுத்த லிஸ்ட்டுல இருந்தா கொண்டையும் வேண்டாம், தேதியும் வேண்டாம். இல்லைன்னா கடலையே தலையில ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல."

"அப்ப அவ பேரு லிஸ்ட்டுல இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருந்திருந்தா அட்டை எழுதியிருப்பாங்களே பிரதர்," என்றார் பல்டாக்டர், பாலகனுக்குச் சொல்வதுபோல.

தராசுக்காரருக்கு வாதம் செய்து பழக்கமில்லை. கடைகளில் அவர் வாதாடியதே கிடையாது. எடையை வைப்பார், முள் பேசும். ஆனாலும் அன்றைக்குப் பேசிப் பார்த்தார்.

"சிலுவையில பக்கத்துல தொங்கினானே ஒருத்தன், கள்ளன். அவனுக்கு எந்தச் சபையில அட்டை இருந்துச்சு?"

மருந்துக்கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவனுக்குத் தேதி இருக்கு பிரதர். வெள்ளிக்கிழமை. மணிகூடச் சொல்லிடலாம்."

மற்ற இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அரை மணி நேரத்தில் வசன விளக்கத்தில் அவர்கள் மூவரும் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

பெட்டிக்குள் இருப்பவளைப் பற்றி வேத நிருபங்கள் பறந்துகொண்டிருந்தபோது தராசுக்காரர் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன் பேக்கரிக்காரரின் அம்மா இறந்தாள். அந்தக் கிழவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தேதியும் தெரியாது. கேட்டில் மேஜை போட்டார்கள். நல்ல மழை. பெட்டியின்மேல் தண்ணீர் தெறித்தது. ஜெபம் செய்த மருந்துக்கடைக்காரர் நனையாமல் இருக்கக் குடை பிடித்தவர், இதோ இந்த நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிற தராசுக்காரர்தான். அவருடைய மனைவி அன்று கேட்டுக்கு உள்ளே நிற்கவில்லை. வெளியே போய், பேக்கரிக்காரரின் பெண்சாதி தோளைப் பிடித்துக்கொண்டு நனைந்தாள். வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே, "குடை பெரிசாத்தானே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அவர் குடையை உதறி மூலையில் சாத்தி வைத்தார்.

அவளிடம் மூப்பர்கள் மூன்று முறை அட்டை கேட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் அவள் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அவர்கிட்டதான் பேசிட்டிருக்கேன். என்னிக்கு ஆரம்பிச்சேன்னு குறிச்சு வைக்கலீங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போய்விடுவாள்.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பிரதர், மூணு மணிக்குத்தானே எடுக்கறீங்க? வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க. சிஸ்டரோட வேதப் புஸ்தகத்துக்குள்ள எங்கயாவது ஒரு அட்டை இருக்கும். கொடுக்க மறந்திருப்பாங்க. ஒரு மணிக்குள்ள கொண்டு வந்தீங்கன்னா... கையெழுத்து யாரோடதுன்னு நாங்க உத்துப் பார்க்கப் போறதில்ல."

தராசுக்காரர் எழுந்தார். 'பார்க்காத மாதிரி போயிடுங்க சார்' என்று எத்தனையோ கடைக்காரர்கள் அவரிடம் இதே தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் அவர் என்ன பார்வை பார்ப்பாரோ அதே பார்வையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

*

வீட்டில் மச்சினி அவரை முந்திக்கொண்டிருந்தாள். அவருடைய மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து மூன்று வரியும் எழுதி முடித்து, மை காய்வதற்காக ஜன்னல் மேடையில் வைத்திருந்தாள்.

"மார்ச் பதினாலுன்னு போட்டிருக்கேன்," என்றாள். "அக்காவுக்குக் குடல் ஆபரேஷன் ஆன நாள். செத்துப் பிழைச்ச நாள்தானே, பெரிய பொய் ஒண்ணும் இல்ல. கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்க."

தராசுக்காரர் அட்டையை எடுத்தார். நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பா!" என்று மகள் பதறினாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "ஒரு அட்டைதானேப்பா. அம்மாவைத் தெருவுல வைக்கறதைவிட..."

"உன் அம்மா பொய் சொன்னதில்ல. செத்த பிறகு அவ பேர்ல நாம சொல்லக்கூடாது. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. இந்தச் சபையில நம்ம வீட்டுப் பேர்ல ஒரு தப்பான அட்டை இருந்ததா சரித்திரம் இல்ல."

மச்சினி சட்டென்று திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, தீ இருந்தது.

"இருக்கு அத்தான். உங்க அப்பாவுக்கு இல்லாத நாளே இருக்கும்போது, என் அக்காவுக்கு இருக்கிற நாள் ஒண்ணை எழுதினா என்ன குறைஞ்சு போச்சு?"

மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தராசுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "யார் சொன்னது உனக்கு?"

"யார் சொல்லுவா? இதோ படுத்திருக்காளே, அவதான்."

உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அந்த விஷயம் தெரியும் என்று அவர் ஐம்பது வருடத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் அவர்தான்.

பெரியய்யாவின் அட்டையில் மூன்றாவது வரியில் எழுதியிருந்தது: ஜூன் 31.

தராசுக்காரருக்கு அப்போது பத்தொன்பது வயது. அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்து, "அப்பா, ஜூன்ல முப்பது நாள்தானே?" என்று கேட்டார். பெரியய்யா நிமிர்ந்து பார்த்து, "நான் மறுபடியும் பிறந்த நாள் எனக்குத் தெரியாதா? காலண்டரை அச்சடிச்சவன் மனுஷன்டா," என்றார். அதற்கு மேல் கேட்டதற்குக் கன்னத்தில் விழுந்தது. பிறகு யாரும் பார்க்காதபடி அந்த அட்டை பெட்டியில் கடைசி அறைக்குப் போனது. பெரியய்யாவின் அடக்கத்தன்று மகன் அட்டையை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, சபைக்கு முன் நிமிர்ந்து நின்று, "ஜூன் முப்பது" என்று வாசித்தார். குரல் நடுங்கவில்லை. கள்ள எடைக்கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தமாத்திரத்தில் கண்டுபிடிக்கிறவர், தன் வீட்டுக் கல்லுக்குத் தானே முத்திரை குத்தினார்.

மச்சினி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"இருபத்தாறு வருஷம் இருக்கும். பின்னறைக்கு வெள்ளையடிச்சாங்களே, அப்ப அட்டைப் பெட்டியைத் துடைக்கச் சொல்லி அக்காகிட்ட குடுத்திருக்கீங்க. பூட்டுல சாவியை விட்டுட்டுப் போயிட்டீங்க. ஒவ்வொரு அட்டையா எடுத்து உலர்ந்த துணியால துடைச்சிருக்கா. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லிட்டு அப்படிச் சிரிச்சா, அடுக்களையில தரையில உட்கார்ந்து சிரிச்சா. 'மாமனார் பிறந்த அன்னிக்கு உலகத்துல வேற யாருமே பிறக்கலடி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்புறம் சத்தியம் வாங்கிட்டா. 'வெளிய தெரிஞ்சா அவர் சபையில தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அவருக்கு அதுதான் எல்லாம். வாயைத் திறந்தேன்னா, அக்கான்னு கூப்பிடாதே'ன்னுட்டா."

"அதுக்கப்புறம்தானே ரெண்டு தடவை அட்டை கேட்டாங்க அவகிட்ட," என்றார் தராசுக்காரர். யாரிடமும் கேட்பது போல இல்லை.

"மூணு பேர் உட்கார்ந்து அவளைக் கேள்வி கேட்டாங்க. நீங்க நாலாவது நாற்காலியில இருந்தீங்க. கையில வெச்சிருந்தா அத்தான், மொத்தப் பேர் வாயையும் மூடற வார்த்தையை. முழுங்கிட்டுக் கோப்பை கழுவப் போனா."

தராசுக்காரர் பெட்டியைக் குனிந்து பார்த்தார். அவர் குனிவது அபூர்வம். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. வேலை முடிந்தவள் முகம். பக்கத்தில் ஸ்டூலில் அந்த வெள்ளைத் துண்டு நான்கு மூலையும் ஒத்து மடித்தபடி இருந்தது. அதை எடுத்து அவள் கைகளுக்குக் கீழே வைத்தார். சபையின் சொத்து. யாராவது கேட்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு நிமிர்ந்து, சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டரைக்கு வண்டி வரட்டும்," என்றார் மகளிடம். "கேட்டுக்கு இல்ல. மண்டபத்துப் படிக்கு நேரா நிறுத்தச் சொல்லு. பேக்கரிக்காரருக்கு ஆள் அனுப்பு. பெட்டிக்குத் தோள் குடுக்க வருவாரான்னு நான் கேட்டேன்னு சொல்லணும். அதிகாரமா இல்ல. தயவா."

*

அவர் பின்னறைக்குள் நுழைந்தபோது மணி ஒன்று ஆகவில்லை. மூன்று மூப்பர்களும் காத்திருந்தார்கள். தெருமுனைக் கடையிலிருந்து தேநீர் வரவழைத்திருந்தார்கள். பசியோடு தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

"கிடைச்சுதா பிரதர்?" என்று மருந்துக்கடைக்காரர் முகம் மலர்ந்தார். "நான்தான் சொன்னேனே, தேடினா கிடைக்கும்னு."

"கிடைச்சுது," என்றார் தராசுக்காரர்.

அட்டைப் பெட்டியைத் திறந்தார். கடைசி அறையின் அடியிலிருந்து ஓர் அட்டையை உருவி மேஜைமேல் வைத்தார். உட்காரவில்லை.

டிரைவிங் ஸ்கூல்காரர் கழுத்தை நீட்டினார். "இது பெரியய்யாவோடதாச்சே."

"வாசிங்க. சத்தமா."

"பேர்... சரி. பிறந்த தேதி... சரி. மறுபடியும் பிறந்த தேதி..." அவர் நிறுத்தினார். மறுபடி பார்த்தார். விரலை மடக்கி, முட்டியில் மாதங்களை எண்ணத் தொடங்கினார். மே மேடு, ஜூன் பள்ளம். மறுபடி எண்ணினார். மறுபடியும் பள்ளம்தான்.

"கண்ணாடி போட்டுப் பார்க்கறேன்," என்று பல்டாக்டர் வாங்கினார். கண்ணாடி போட்ட பிறகும் ஜூன் மாதம் நீளவில்லை.

"அடக்கத்தன்னிக்கு நீங்க முப்பதுன்னுதானே வாசிச்சீங்க?" மருந்துக்கடைக்காரரின் குரல் கீச்சிட்டது.

"பொய் வாசிச்சேன். அப்பா பேர் கெடக்கூடாதுன்னு வாசிச்சேன். இத்தனை வருஷம் காபந்து பண்ணினேன். இப்ப சொல்லுங்க. உங்க சட்டப்படி இந்த மனுஷர் உள்ளயா, கேட்டுலயா?"

பல்டாக்டர் அட்டையைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று தராசுக்காரர் எதிர்பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் ஒரு பெண்ணைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததற்கு, மழையில் ஒரு கிழவியின் பெட்டியை நனைய விட்டதற்கு, ஒருவராவது தலை குனிவார் என்று நினைத்தார். அப்படி நினைத்ததுதான் அவருடைய தவறு. மூவரும் வேதப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

"ஜூன் முப்பத்தொண்ணுன்னா ஜூலை ஒண்ணு," என்றார் பல்டாக்டர். "தேவனுடைய கணக்குல நாள் மாறாது. ஆயிரம் வருஷமும் ஒரு நாளும் ஒண்ணுன்னு பேதுருவே எழுதலையா?"

"அது எப்படி? முழுக்கு எடுத்தாரே, அந்தத் தேதியை வெச்சுக்கணும்!" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"முழுக்கு குடுத்தது யாரு?"

"அவரே ஆத்துல இறங்கி எடுத்துக்கிட்டாராம்."

"தனக்குத் தானேவா? அது செல்லாது!"

"செல்லாதுன்னா..." என்று எழுந்தார் மருந்துக்கடைக்காரர். முகம் வெளுத்துவிட்டது. "செல்லாதுன்னா அவர் குடுத்த முழுக்கு? எனக்கு அவர்தானே குடுத்தார்! உங்களுக்கும் அவர்தான்! ஜூன் முப்பத்தொண்ணு இல்லைன்னா நான் எங்க நிக்கறேன்?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி அவருக்கு வந்திருந்தது. அதற்கும் அவர் பதில் தேடியது அந்த அட்டையில்தான்.

தராசுக்காரர் அப்பாவின் படத்தை ஒரு தடவை பார்த்தார். படத்தில் பெரியய்யா எப்போதும்போல் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத முகத்தோடு இருந்தார். அட்டைப் பெட்டியின் சாவியை மேஜைமேல், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய மண்டபச் சாவியை எடுத்துக்கொண்டார். அவர் வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கலாத்தியர் நிருபத்தில் இருந்தார்; மற்ற இருவரும் அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

*

மூன்று மணிக்குப் பெட்டி மண்டபத்துக்குள் போனது. பேக்கரிக்காரர் வேலை உடுப்போடு, முழங்கையில் ஒட்டிய மாவோடு வந்திருந்தார். முன்பக்கம் வலது தோள் அவருடையது. வருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "அந்தம்மாவுக்கா? அவருக்கா?" அந்தம்மாவுக்கு என்று சொன்ன பிறகுதான் அடுப்பை அணைத்தாராம். தராசுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு, நியாயம்தான் என்றார்.

கூட்டம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மூன்று மூப்பர்களின் நாற்காலிகள் மட்டும் காலி. கடைசி மூன்று வரிசைகளில் உட்காருகிற அட்டை இல்லாதவர்கள், அவளோடு உட்கார்ந்தவர்கள், முன்னால் வரத் தயங்கி நின்றார்கள். மச்சினி போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து மூப்பர் நாற்காலிகளில் உட்கார வைத்தாள்.

அட்டை வாசிக்கும் இடம் வந்தது. தராசுக்காரர் மேடையேறினார். கையில் ஒன்றுமில்லை.

"எங்கப்பா அட்டையை இந்த இடத்துல நின்னு நான் தப்பா வாசிச்சேன். அதுல எழுதியிருந்தது ஜூன் முப்பத்தொண்ணு," என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அடங்கும்வரை காத்திருந்தார். "இவளுக்கு அட்டை கிடையாது. மூணு தடவை கேட்டாங்க. தெரியாது, அவருக்குத் தெரியும்னு சொன்னா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசல. எழுந்து நில்லுங்க. பாடலாம்."

பாடினார்கள். அவர் எதன்மேலும் சாயாமல் நின்றார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மகளும் மச்சினியும் பேக்கரிக்காரரும் அவரோடு நடந்து வந்தார்கள். மண்டபத்தை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. பின்னறை ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஜூலை ஒண்ணுன்னு ஒத்துக்கறவங்க மட்டும் என்கூட இருக்கலாம்!"

"அப்ப நாங்க தனியா ஒரு சபை ஆரம்பிக்கிறோம்!"

"அட்டைப் பெட்டி யாருக்கு?"

ஜன்னலில் மருந்துக்கடைக்காரரின் தலை தெரிந்தது. தராசுக்காரரைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலை கலைந்திருந்தது.

"பிரதர்! நல்லவேளை வந்தீங்க! பெரியய்யா வேற ஏதாவது எழுதி வெச்சிருக்காரா? டைரி, கடுதாசி, எதுவாவது? அந்தத் தேதிக்கு ஒரு ஆதாரம் கிடைச்சா எல்லாரும் பிழைச்சுக்கலாம்!"

மச்சினி வாயைத் திறந்தாள். தராசுக்காரர் கையமர்த்தினார். அடக்கம் முடிந்து செருப்பில் மண்ணோடு நிற்கிற மனிதனிடம் அந்த ஜன்னலிலிருந்து வேறு ஏதாவது வார்த்தை வருமா என்று ஒரு நிமிடம் பார்த்தார். வரவில்லை.

"சத்தம் தெருவரைக்கும் கேக்குது," என்றார். "எங்கப்பா கட்டின இடம் இது. கொஞ்சம் மானத்தோட சண்டை போடுங்க."

ஜன்னல் கதவுகள் இரண்டையும் வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். உள்ளே யாரோ கொரிந்தியர் என்று கத்தியது பலகைக்குப் பின்னால் அமுங்கியது. பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, மகளின் தோளில் கையை ஊன்றி வீட்டுக்கு நடந்தார். அவர் ஒருவர்மேல் சாய்ந்து நடப்பதை அந்தத் தெரு அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது.